ராத்திரி 11 மணிக்கு மேல்: ட்ரிப்-ஹாப் ஓர் எளிய அறிமுகம்

முதலில் ஒரு பாட்டைக் கேட்டுவிடுங்கள், விளக்கம் அப்புறம். மாஸிவ் அட்டாக் என்ற ட்ரிப்-ஹாப் குழுவின் ‘டியர்டிராப்’. 1998-ல் வந்தது. ‘ஹவுஸ்’ என்ற அமெரிக்க மருத்துவத் தொடரைப் பார்த்தவர்களுக்கு இதன் தொடக்கம் ஏற்கெனவே பழக்கம். அந்தத் தொடரின் தலைப்பிசை இதுதான். வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஒலியைக் கொஞ்சம் குறைத்தே வைத்துக் கேளுங்கள்.

என்ன காதில் விழுகிறது? பழைய இசைத்தட்டில் ஊசி ஓடும் கரகரப்பு. அதோடு இதயத்துடிப்பு மாதிரி ஒரு டிரம். சில நொடிகளுக்கு அவ்வளவுதான். பிறகு ஹார்ப்சிகார்டை, அதாவது பியானோவுக்கு முந்தைய பழைய ஐரோப்பிய வாத்தியத்தைப் போல ஒலிக்கும் ஒரு சின்ன சுர வரிசை வந்து அதே இடத்தில் சுற்ற ஆரம்பிக்கிறது. அதன்மேல் எலிசபெத் ஃப்ரேசரின் குரல். அவர் என்ன பாடுகிறார் என்று பாதி புரியாது. ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களுக்கும் அப்படித்தான். அவர் அதற்குமுன் பாடிய காக்டோ ட்வின்ஸ் குழுவிலும் சொல்லைவிட ஒலிக்குத்தான் மரியாதை.

நான் முதல்முறை இதைக் கேட்டபோது, ‘சரி, இப்போது ஏதோ நடக்கப்போகிறது’ என்று காத்துக்கொண்டே இருந்தேன். பல்லவி முடிந்து இடையிசை வந்து சரணத்தில் மேலே போய் மறுபடி பல்லவிக்கு இறங்கும் பாட்டுகளில் வளர்ந்த காது இது. இங்கே எதுவும் மேலே போகவில்லை. ஐந்தரை நிமிடம் அதே டிரம், அதே சுழற்சி, பாட்டு முடிந்துவிட்டது. ஏமாற்றமாக இருந்தது. ஆனால் அரைமணி நேரம் கழித்துத் திரும்பப் போட்டேன். எதற்காகப் போட்டேன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

இப்போது ஓரளவு தெரிகிறது. இது சேர்த்துச் சேர்த்துக் கட்டிய இசை அல்ல. எதை எடுத்துவிடலாம் என்று யோசித்து யோசித்துச் செய்தது. ஒரு டிரம் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே இருக்கும் வெற்றிடம்தான் இதில் கேட்கவேண்டிய முதல் விஷயம். அந்த இடத்தில்தான் கரகரப்பு கேட்கிறது, எதிரொலி அடங்குகிறது, பாடுபவர் மூச்செடுக்கிறார். பகல் சத்தத்தில் அது நிரம்பிப்போய்விடும். அதனால்தான் இதை ராத்திரி இசை என்கிறார்கள்.

வேகம்

ஒரு நிமிடத்தில் எத்தனை தாள அடிகள் விழுகின்றன என்பதை பிபிஎம் என்று எண்ணுவார்கள். டான்ஸ் கிளப்களில் ஓடும் ஹவுஸ் வகை இசை 120-லிருந்து 130 வரை இருக்கும். ட்ரிப்-ஹாப் பெரும்பாலும் 70-லிருந்து 90-க்குள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளின் நாடித்துடிப்பும் கிட்டத்தட்ட இந்த எல்லைக்குள்தான் வரும் என்பதைக் கவனியுங்கள். ஓடத் தோன்றாது, ஆடவும் தோன்றாது. தலை மட்டும் தானாக அசையும்.

மெதுவான பாட்டு என்றால் நமக்கு உடனே மெலடி, தாலாட்டு என்று தோன்றும். இங்கே வேறு கதை. டிரம் ஹிப்-ஹாப்பிலிருந்து வந்தது, கனமானது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுங்கள்: ஒன்றில் அடிவயிற்றைத் தொடும் கிக், இரண்டிலும் நான்கிலும் சட்டென்று வெடிக்கும் ஸ்னேர். தெருவில் ராப் பாடுவதற்காகச் செய்த தாளம். அதை எடுத்து, வேகத்தை இறக்கி, அதன்மேல் சோகமான ஒரு குரலை உட்காரவைத்தால் ஏறக்குறைய ட்ரிப்-ஹாப் கிடைத்துவிடும்.

வேகத்தை இறக்கும்போது வேறொன்றும் நடக்கும். கேசட் பிளேயரில் பேட்டரி தீரும் நேரத்தில் பாடகரின் குரல் தடித்து, இழுத்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் ஆகுமே, நினைவிருக்கிறதா? பதிவான ஒலியை மெதுவாக ஓட்டினால் அதன் சுருதியும் கூடவே இறங்கும். டிரம்முக்கும் அதே கதி. சாதாரண ஸ்னேர் அடி மெதுவாக ஓடும்போது மரக்கதவை அறைவது போல் ஆகிவிடும். 1980-களின் கடைசியில் வந்த சாம்பிளர் கருவிகளில், அதாவது ஒலித்துண்டுகளைப் பதிந்து வைத்துத் திருப்பி ஓட்டும் கருவிகளில், நினைவகம் மிகக் குறைவு. எஸ்பி-1200 என்ற புகழ்பெற்ற கருவியில் மொத்தமே 10 நொடிதான் பதியலாம். அதனால் நிமிடத்துக்கு 33 சுற்று வேகத்தில் ஓடவேண்டிய இசைத்தட்டை 45-ல் ஓட்டிப் பதிவுசெய்து, பிறகு கருவிக்குள் மெதுவாக்கிக்கொள்வார்கள். இடத்தை மிச்சம் பிடிக்கச் செய்த தந்திரம்தான். ஆனால் ஒலியின் ஓரங்கள் மழுங்கி, மேலே மண் படிந்தது போல் ஆனது, அது எல்லாருக்கும் பிடித்துவிட்டது.

கிங்ஸ்டனில் ஆரம்பித்த கதை

ட்ரிப்-ஹாப் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் பிறந்தது என்றுதான் எல்லாரும் எழுதுவார்கள். அது சரிதான், ஆனால் பாதிக் கதை. மீதிப் பாதி ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் இருக்கிறது.

அங்கே சவுண்ட் சிஸ்டம் என்றொரு வழக்கம் உண்டு. நம் ஊர் சவுண்ட் சர்வீஸ்காரர் ஒலிபெருக்கிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு விசேஷ வீட்டுக்கு வருவதைப் பெரிதாக்கிக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகளைத் தெருவில் அடுக்கி, இசைத்தட்டுகளை ஓட்டி, ஒருவர் மைக் பிடித்துக் கூட்டத்தை உசுப்புவார். ஊருக்குள் பல குழுக்கள், யாருடைய பாஸ், அதாவது அடித்தளத்துத் தாழ்ந்த ஒலி, அதிகம் அதிர்கிறது என்று போட்டி.

அந்தக் குழு ஒன்றை நடத்தியவர்தான் கிங் டப்பி. தொழில் எலெக்ட்ரானிக்ஸ் ரிப்பேர். 1970-களின் தொடக்கத்தில் இவரும் இன்னும் சிலரும் ஒரு வேலை செய்தார்கள். ஏற்கெனவே பதிவான, ஜமைக்காவின் ரெகே வகைப் பாட்டை மிக்ஸிங் மேசையில் வைத்து, குரலை எடுத்துவிட்டார்கள். கிட்டாரை எடுத்துவிட்டு, நினைத்தபோது ஒரே ஒரு நொடிக்குத் திருப்பி விட்டு, அதையும் எக்கோவில் தள்ளி மறையவைத்தார்கள். மிஞ்சியது பாஸும் டிரம்மும், நடுவே அங்கங்கே மிதக்கும் துண்டுகளும். இதற்கு டப் என்று பெயர். கொஞ்சம் முன்னே நான் சொன்ன வெற்றிடம் வந்த இடம் இதுதான். பாட்டு எழுதியவரையும் பாடியவரையும் தாண்டி, பொத்தான்களுக்கு முன் உட்கார்ந்த டெக்னீஷியன் ஒரு கலைஞராக மாறியதும் இங்கேதான்.

கிங்ஸ்டனிலிருந்து இரண்டு பாதைகள் கிளம்பின. ஒன்று நியூயார்க்குக்கு. கிங்ஸ்டனில் பிறந்து பன்னிரண்டு வயதில் அமெரிக்கா போன டிஜே கூல் ஹெர்க், 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்ஸ் பகுதியில் தன் தங்கைக்காக நடத்திய பார்ட்டியைத்தான் ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாகச் சொல்கிறார்கள். பாட்டுகளில் டிரம் மட்டும் தனியாக ஒலிக்கும் சில நொடிகளுக்குத்தான் கூட்டம் அதிகம் ஆடுகிறது என்று கண்டுகொண்டு, அந்தத் துண்டை நீட்டி நீட்டி ஓட்டியவர் அவர். இன்னொரு பாதை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் வேலை தேடிக் கப்பலேறிய கரீபிய மக்களோடு இங்கிலாந்துக்கு. அவர்களில் ஒரு பகுதியினர் பிரிஸ்டலில் செயின்ட் பால்ஸ் என்ற வட்டாரத்தில் குடியேறினார்கள். 1980-களில் இந்த இரண்டு பாதைகளும் அந்த ஊரில் சந்தித்துக்கொண்டன.

பிரிஸ்டல்

அழகான துறைமுக நகரம். அடிமை வியாபாரத்தில் கொழுத்த நகரமும்கூட. 1963-ல் அங்கே நகரப் பேருந்துகளில் கறுப்பர்களுக்கும் ஆசியர்களுக்கும் ஓட்டுநர், நடத்துநர் வேலை தரமாட்டோம் என்றார்கள். மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்து அந்தத் தடையை உடைத்தார்கள். 1980 ஏப்ரலில் செயின்ட் பால்ஸில் ஒரு காபிக்கடைக்குள் போலீஸ் நுழைந்ததில் கலவரம் வெடித்தது. அந்த ஊரின் பெரிய இசை அரங்கத்துக்கு அடிமை வியாபாரி கோல்ஸ்டனின் பெயர் இருந்தவரை அங்கே வாசிக்கமாட்டோம் என்று மாஸிவ் அட்டாக் பிடிவாதமாக இருந்தார்கள். 2020-ல்தான் பெயர் மாறியது. இந்த இசையில் இருக்கும் கனத்துக்கு இருண்ட டிரம் மட்டும் காரணம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இதே ஊரில்தான் தி வைல்ட் பன்ச் என்ற பெயரில் ஒரு சவுண்ட் சிஸ்டம் கூட்டம் இருந்தது. டக் அவுட் என்ற சின்ன கிளப்பிலும், கைவிடப்பட்ட கிடங்குகளிலும், தெருவிழாக்களிலும் ஓட்டினார்கள். கறுப்பு, வெள்ளை, கலப்பு என எல்லா இளைஞர்களும் வருவார்கள். ரெகே, பங்க், ஹிப்-ஹாப், ஸோல் என்று ஒரே ராத்திரியில் எல்லாம் ஓடும். அந்தக் கூட்டத்தில் இருந்த மூன்று பேர், டாடி ஜீ, மஷ்ரூம், சுவரோவியராகவும் இருந்த 3டி, சேர்ந்து மாஸிவ் அட்டாக் ஆனார்கள். கூடவே சுற்றிய ஒல்லிப் பையன் ஒருவன் பின்னால் ட்ரிக்கி என்ற பெயரில் தனியாக வந்தான்.

1991 ஏப்ரலில் மாஸிவ் அட்டாக்கின் முதல் ஆல்பம் ‘ப்ளூ லைன்ஸ்’ வந்தது. டான்ஸ் கிளப்புக்காக இல்லாமல் தலைக்குள் ஓடுவதற்காக ஓர் ஆல்பம் செய்ய நினைத்தோம் என்ற பொருளில் டாடி ஜீ பின்னால் சொன்னது பிரபலம். அதில் உள்ள ‘அன்ஃபினிஷ்ட் சிம்பதி’ பாட்டுக்கு முதலில் சிந்தசைசரில்தான் வயலின்கள் போட்டார்கள். போதவில்லை. நிஜ ஆர்க்கெஸ்ட்ரா வைக்கலாம் என்று முடிவெடுத்தார்கள். அதற்குப் பட்ஜெட்டில் காசு இல்லை, காரை விற்றார்கள். கேட்டால் விற்றது வீண் இல்லை என்று தோன்றும். ஷாரா நெல்சன் பாடும்போது பின்னால் எழும் அந்த வயலின்கள் ஒரு தெரு முழுக்க நிற்கின்றன. பாட்டு வெளிவந்த நேரத்தில் வளைகுடாப் போர் நடந்துகொண்டிருந்தது. குழுவின் பெயரில் ‘அட்டாக்’ இருந்தால் வானொலியில் ஓட்ட யோசிப்பார்கள் என்று, தனிப்பாட்டாக வந்த அந்தச் சிங்கிளை வெறும் ‘மாஸிவ்’ என்ற பெயரில் வெளியிட்டார்கள்.

‘ப்ளூ லைன்ஸ்’ பதிவான ஸ்டூடியோ ஒன்றில் எடுபிடியாக, டேப் மாற்றும் வேலையில் இருந்த இளைஞர் ஜெஃப் பேரோ. பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் போர்ட்டிஸ்ஹெட் என்ற சின்னக் கடலோர ஊர்க்காரர். வேலையில்லாதவர்கள் சொந்தத் தொழில் தொடங்குவதற்கான அரசுப் பயிற்சி ஒன்றில் பெத் கிப்பன்ஸ் என்ற பாடகியைச் சந்தித்தார். ஜாஸ் கிட்டார்காரர் ஏட்ரியன் அட்லியும் சேர்ந்துகொள்ள, குழுவுக்கு ஊர்ப்பெயரையே வைத்துவிட்டார்கள். 1994-ல் வந்த அவர்களின் ‘டம்மி’ ஆல்பம் மறுவருடம் பிரிட்டனின் மெர்குரி இசைப் பரிசை வாங்கியது. ட்ரிப்-ஹாப்பில் ஒரே ஒரு ஆல்பம்தான் கேட்கமுடியும் என்றால் நான் இதைத்தான் தருவேன். மாஸிவ் அட்டாக் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம்.

கடன் வாங்கிய ஒலி

சாம்பிள் என்றால் என்ன? வேறொருவரின் பதிவிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்து நம் பாட்டில் வைப்பது. அந்தத் துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் லூப். இதைப் புரிந்துகொள்ள நமக்கு வசதியான உதாரணம் ஒன்று இருக்கிறது.

1992-ல் வந்த ‘ரோஜா’வில் ‘ருக்குமணி ருக்குமணி’ பாட்டு ஞாபகம் இருக்கிறதா? ஏ. ஆர். ரஹ்மானின் முதல் படம், கிராமத்துக் கல்யாண இரவு, இடிக்கும் தாளம். 1995 பிப்ரவரியில் பிரிஸ்டல்காரர் ட்ரிக்கியின் முதல் ஆல்பம் ‘மேக்சின்க்வே’ வெளியானது. அதில் ‘பிளாக் ஸ்டீல்’ என்ற பாட்டைப் போட்டுப் பாருங்கள். அடியில் ஓடுவது ‘ருக்குமணி’யின் தாளம். அதன்மேல் இரைச்சலான கிட்டார். அதன்மேல் மார்ட்டினா டாப்லி-பேர்ட் என்ற இளம்பெண், ராணுவத்தில் சேர மறுத்துச் சிறைக்குப் போன ஒரு கறுப்பின ஆணின் கதையைப் பாடுகிறார். பப்ளிக் எனிமி என்ற அமெரிக்க ராப் குழு 1988-ல் எழுதிய வரிகள் அவை. சென்னைத் தாளம், நியூயார்க் வரிகள், பிரிஸ்டல் குரல். முதலில் இதைக் கேட்டபோது நான் பாட்டை நிறுத்திவிட்டு, வேறு ஏதோ ஜன்னலில் ‘ரோஜா’ ஓடுகிறதோ என்று தேடினேன்.

இது ஒட்டுவேலைதானே, இதில் என்ன திறமை என்று கேட்கத் தோன்றும். அதற்கு இரண்டு பாட்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்துக் கேட்கலாம். அமெரிக்க ஸோல் பாடகர் ஐசக் ஹேய்ஸ் 1971-ல் வெளியிட்ட ‘ஐக்ஸ் ராப் 2’ என்ற பாட்டின் அதே துண்டை, ‘டம்மி’யின் கடைசிப் பாட்டான ‘குளோரி பாக்ஸி’ல் போர்ட்டிஸ்ஹெட் எடுத்திருக்கிறார்கள், ‘ஹெல் இஸ் ரவுண்ட் தி கார்னர்’ பாட்டில் ட்ரிக்கியும் எடுத்திருக்கிறார். இரண்டு ஆல்பங்களுக்கும் நடுவே ஒரு வருடம்கூட இல்லை. மேலிருந்து கீழே இறங்கும் அதே பாஸ், அதே வயலின் அலை. ஆனால் பெத் கிப்பன்ஸ் பாடும்போது அது அலுத்துப்போன ஒரு பெண்ணின் காதல் விண்ணப்பம். உச்சத்தில் கிட்டார் கிழிக்கும். ட்ரிக்கி முணுமுணுக்கும்போது அதே இசை இருட்டுச் சந்தில் யாரோ பின்னால் நடந்துவருவது போல் மாறுகிறது. ஒரே மாவில் ஒரு வீட்டில் இட்லி, அடுத்த வீட்டில் பணியாரம்.

போர்ட்டிஸ்ஹெட் இதில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பழைய பதிவுகளிலிருந்து எடுப்பது போதாதென்று, தாங்களே டிரம், கிட்டார் எல்லாம் வாசித்துப் பதிவுசெய்து, அதை நிஜமான இசைத்தட்டாக அச்சடித்தார்கள். அந்தத் தட்டுகளைத் தரையில் போட்டு மேலே நடந்தார்கள், ஸ்கேட்போர்டு போலச் சறுக்கக்கூடச் செய்தார்கள். நன்றாகத் தேய்ந்த பிறகு அதிலிருந்து சாம்பிள் எடுத்தார்கள். அதாவது, இல்லாத ஒரு பழைய படத்தின் இசையைத் தாங்களே செய்து, தாங்களே பழசாக்கி, அதிலிருந்து தாங்களே திருடிக்கொண்டார்கள். ‘டம்மி’ கேட்கும்போது ஏதோ 1960-களின் உளவாளிப் படம் ஓடுவது போல் இருப்பதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் அசல் சரக்கு: ‘சோர் டைம்ஸ்’ பாட்டில் கேட்பது ‘மிஷன் இம்பாசிபிள்’ தொலைக்காட்சித் தொடருக்கு இசையமைத்த லாலோ ஷிஃப்ரினின் துண்டு.

இந்தக் கரகரப்பை இன்று மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்திச் சேர்த்துவிடலாம். படிக்கும்போது ஓடவிடும் லோ-ஃபை பீட்ஸ் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. கேட்க இதமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் மேலே நடந்து தேய்த்த தட்டின் ஒலிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் ஹெட்போனில் தெரியும் என்றுதான் நான் நம்புகிறேன், மனப்பிரமையாகவும் இருக்கலாம்.

குரலைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் குழுக்களில் இசையைச் செய்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பாடியவர்களில் நினைவில் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஷாரா நெல்சன், பெத் கிப்பன்ஸ், மார்ட்டினா, ‘புரொடெக்‌ஷன்’ பாடிய ட்ரேசி தார்ன். யாருமே தொண்டை கிழியப் பாடமாட்டார்கள். மைக்குக்கு மிக அருகில், அடுத்த அறையில் தூங்குபவரை எழுப்பிவிடக்கூடாது என்பது போல. ‘டியர்டிராப்’ பதிவாகிக்கொண்டிருந்த நாள்களில்தான், தனக்கு மிக நெருக்கமாக இருந்த பாடகர் ஜெஃப் பக்லி ஆற்றில் மூழ்கி இறந்த செய்தி எலிசபெத் ஃப்ரேசருக்கு வந்தது. வரி புரியாவிட்டாலும் அந்தக் குரலில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று தோன்றியிருந்தால், அது இதுவாக இருக்கலாம். ஆண் குரலில் ஒருவரை மட்டும் விடக்கூடாது: ஜமைக்காவின் ஹோரஸ் ஆண்டி. மாஸிவ் அட்டாக்கின் முதல் ஆல்பத்திலிருந்து கூடவே வருகிறார். அவருடைய நடுங்கும் மெல்லிய குரலுக்குக் கீழே ‘ஏஞ்சல்’ பாட்டின் பாஸ் உறுமிக்கொண்டு மெல்ல மெல்ல மலையாக எழுவதைக் கேட்டால், கிங்ஸ்டன் எங்கே போனது என்று கேட்கத் தேவை இருக்காது.

பெயர்த் தகராறு

ட்ரிப்-ஹாப் என்ற சொல்லை 1994-ல் பிரிட்டனின் ‘மிக்ஸ்மேக்’ பத்திரிகை புழக்கத்துக்கு விட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கட்டுரை முக்கியமாகப் பேசியது பிரிஸ்டலைப் பற்றி இல்லை. லண்டனின் மோ வேக்ஸ் நிறுவனம் வெளியிட்ட இசையையும், அதில் வந்த கலிஃபோர்னியாக்காரர் டிஜே ஷேடோவையும் பற்றி. பிரிஸ்டல்காரர்களுக்கு அந்தப் பெயர் கடைசிவரை பிடிக்கவில்லை. டிஜே ஷேடோ 1996-ல் வெளியிட்ட ‘என்ட்ரோடியூசிங்’ ஆல்பம் கிட்டத்தட்ட முழுக்க முழுக்கச் சாம்பிள்களாலேயே ஆனது, கின்னஸ் புத்தகத்திலும் ஏறியது. அதில் பாடகர் யாரும் இல்லை. ராத்திரி வேலை செய்பவர்களுக்கு அதைவிட நல்ல துணை கிடையாது.

டவுன்டெம்போ இன்னும் அகலமான குடை. வேகம் குறைந்த எலெக்ட்ரானிக் இசை எல்லாமே அதற்குக் கீழே வரும். விடியவிடிய ஆடிக் களைத்தவர்கள் ஓய்வெடுக்க கிளப்களில் தனி அறை வைத்தார்கள். ஸ்பெயினின் இபிஸா தீவில் கஃபே டெல் மார் என்ற கடையில் சூரியன் மறைவதைப் பார்த்துக்கொண்டு கேட்பதற்கென்றே ஹோசே பதீயா என்ற டிஜே இசையைத் தேர்ந்தெடுத்து ஓட்டினார். அங்கிருந்தெல்லாம் கிளைத்தது இது. வியன்னாவின் க்ரூடர் - டார்ஃப்மைஸ்டர் இரட்டையர், பிரான்சின் ஏர், வாஷிங்டனின் தீவரி கார்ப்பரேஷன், இங்கிலாந்தின் போனோபோ, லீட்ஸ் நகரத்து நைட்மேர்ஸ் ஆன் வேக்ஸ் என்று பட்டியல் நீளும். ட்ரிப்-ஹாப்பில் இருக்கும் பயமும் பாரமும் இவற்றில் குறைவு. அதனால் 1990-களின் முடிவில் காபிக்கடைகளும் விளம்பரப் படங்களும் இவற்றை வாரி எடுத்துக்கொண்டன, ‘சோபாவுக்குப் பொருத்தமான இசை’ என்ற கேலியும் வந்தது. பாதி நியாயமான கேலிதான். ஆனால் ஏரின் ‘மூன் சஃபாரி’யை ஒரு முழு ராத்திரி கேட்டுவிட்டு அப்புறம் கேலி செய்யுங்கள்.

பின்னால் வந்தவர்களில் ஒருவரை மட்டும் சொல்கிறேன். லண்டனின் பரியல். 2007-ல் வந்த ‘அன்ட்ரூ’ ஆல்பம் வேகத்தில் ட்ரிப்-ஹாப்பே இல்லை, தாளம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகம். ஆனாலும் மழைச்சத்தம், கரகரப்பு, யார் பாடுகிறார் என்றே தெரியாத வெட்டிய குரல்கள் எல்லாம் சேர்ந்து, கடைசிப் பேருந்தில் தனியாக வீடு திரும்பும் உணர்வைத் தரும். இந்த மனநிலைக்கு பிபிஎம் எண்ணிக்கை மட்டும் போதாது என்பதற்கு அது நல்ல சாட்சி.

ஏன் இரவு

மனநிலை என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் காதின் அமைப்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது. எல்லா ஒலிகளையும் நம் காது ஒரே அளவில் கேட்பதில்லை. ஒலியைக் குறைக்கக் குறைக்க, தாழ்ந்த சுருதிகள்தான் முதலில் காணாமல் போகும். இதை 1933-ல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து வரைபடமாகக் காட்டினார்கள். பழைய ஸ்டீரியோக்களில் ‘லவுட்னெஸ்’ என்றொரு பொத்தான் இருக்கும். குறைந்த ஒலியில் இழந்த பாஸைத் திருப்பிக் கொடுப்பதற்காக வைத்தது. பாதிப் பேர் அதை எதற்கென்றே தெரியாமல் எப்போதும் அழுத்தியே வைத்திருந்தார்கள், எங்கள் வீடும் அதில் சேர்த்தி.

ட்ரிப்-ஹாப்பின் முதுகெலும்பே பாஸ்தான். பகலில் ஃபேன், தெரு, டிவி எல்லாவற்றையும் தாண்டி அதைக் கேட்க ஒலியை ஏற்றவேண்டும். ஏற்றினால் குரலின் நெருக்கம் போய்விடும். சுற்றிலும் அமைதியாக இருக்கும் ராத்திரியில் மிதமான ஒலியிலேயே பாஸும் கேட்கும், மூச்சும் கேட்கும், டிரம் அடித்த பின் எக்கோ எங்கே போய் முடிகிறது என்பதும் கேட்கும். போனின் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். பாஸ் கிட்டாரின் அடித்தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். அத்தனை தாழ்ந்த ஒலியை அந்தச் சின்னத் துளையால் வெளியே தள்ளவே முடியாது. பாதிப் பாட்டைத்தான் கேட்டிருப்பீர்கள். விலை அதிகமில்லாத ஹெட்போன், காதை மூடும் வகை, போதும்.

எங்கே தொடங்குவது? ஷஃபிளை அணைத்துவிட்டு ‘டம்மி’யை முதலிலிருந்து கடைசிவரை, முக்கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம். மறுநாள் மாஸிவ் அட்டாக்கின் ‘மெஸனைன்’ ஆல்பம், ‘ஏஞ்சலி’ல் தொடங்கும், ‘டியர்டிராப்’ அதில்தான் இருக்கிறது. டப் என்றால் என்னவென்று காதாலேயே புரிந்துகொள்ள ஒரு குறுக்குவழி உண்டு: மாஸிவ் அட்டாக்கின் 1994 ஆல்பம் ‘புரொடெக்‌ஷன்’, அதையே டப் கலைஞர் மேட் புரொஃபசர் பிரித்துப் போட்டு, அடுத்த வருடம் ‘நோ புரொடெக்‌ஷன்’ என்று வெளியிட்டார். ஒரே பாட்டை இரண்டிலும் அடுத்தடுத்துக் கேளுங்கள். குரல் எங்கே காணாமல் போகிறது, அந்த இடத்தில் என்ன மிஞ்சுகிறது என்று பின்தொடர்ந்தால் போதும்.

‘மேக்சின்க்வே’யை நான்காவது ராத்திரிக்கு வையுங்கள். மூன்றாவது பாட்டில் ‘ருக்குமணி’ வந்துவிடும், முன்னாடியே ஒலியைக் குறைத்துவிடுங்கள், ஹெட்போனைத் தாண்டி வெளியே கசியக்கூடிய பாட்டு அது. யாராவது எழுந்துவந்து ‘இந்நேரத்துக்கு என்ன ரோஜா பாட்டு?’ என்று கேட்டால் விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். நான்காவதாக ஐசக் ஹேய்ஸின் பாஸ் இறங்கி வரும். அதற்குள் அவர் திரும்பப் போய்ப் படுத்திருப்பார்.